ரிங் பிரேம் ஒவ்வொன்றுக்கும் தனி காஸ்ட் சென்டரா, டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்றா?

பஞ்சாலை_அக்கவுண்ட்ஸ்:
வணக்கம். கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில் எங்களுடையது. டேலி கணக்கு சாப்ட்வேரில் பிளோ ரூம், கார்டிங், காம்பர், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) என்று டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு காஸ்ட் சென்டர் (செலவைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குப் பிரிவு) வைத்திருந்தோம். இப்போது எஸ்ஏபி எஸ்/4ஹானா சாப்ட்வேருக்கு மாறுகிறோம். ஸ்பின்னிங்கில் நூல் நூற்கும் ரிங் பிரேம் 48 ஓடுகிறது. 18 புது காம்பாக்ட் (சக்ஷனால் இழையை நெருக்கி நூற்கும் வகை), மீதி பழையது. 48-க்கும் தனித்தனி காஸ்ட் சென்டர் வேண்டும் என்கிறார் எம்.டி. எஸ்ஏபி-யை அமைத்துத் தர வந்த டீம் வேண்டவே வேண்டாம் என்கிறது. காஸ்ட் சென்டர் உருவாக்கும் கேஎஸ்01 திரையைத் திறக்கும் முன் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எப்ஐசிஓ_கோவை:
டீம் சொல்றதுதான் சரிங்க. காஸ்ட் சென்டர் மாஸ்டரில் பொறுப்பாளர் பெயர் கட்டாயம். 48-லும் ஒரே ஸ்பின்னிங் மாஸ்டர் பெயரைத்தான் போடப் போறீங்க. மாசக் கடைசியில் செலவு ஏன் ஏறுச்சுன்னு கேட்டா பதில் சொல்றதும் அவர் ஒருத்தர்தான். அப்புறம் 48 எதுக்கு?

நைட் ஷிப்டையும் நினைச்சுப் பாருங்க. டிராவலர், காட்ஸ், ஏப்ரன்னு பிரேமுக்கான உதிரிபாகம் கேட்டு ஆள் வந்து நிற்பான். ஸ்டோர்காரர் 201 மூவ்மென்ட்டில் (காஸ்ட் சென்டர் பேரில் பொருள் கொடுக்கிற என்ட்ரி) இஷ்யூ போடணும். 48 நம்பர் லிஸ்ட்டில் வந்தா முதலில் இருக்கிறதைத்தான் தொடுவார். மூணே மாசத்தில் ஒண்ணாம் நம்பர் பிரேம்தான் மில்லிலேயே அதிகம் தின்னுதுன்னு ரிப்போர்ட் சொல்லும். மெஷின்வாரி ரிப்பேர் செலவு வேணும்னா மெயின்டெனன்ஸ் ஆர்டர் (ஒவ்வொரு ரிப்பேர் வேலைக்கும் தனிக் கணக்கு) போடுங்க. எக்யூப்மென்ட் நம்பரில் வரலாறு நிற்கும், பணம் காஸ்ட் சென்டருக்கு செட்டில் ஆயிடும்.

நூல்கணக்கு:
ஸ்டோர்காரர் கஷ்டம் உண்மைதான். ஆனால் அதை வைத்து காஸ்டிங்கை முடிவு செய்யக் கூடாது. மெஷின் மணிக்கு இவ்வளவு என்கிற ஆக்டிவிட்டி ரேட் எங்கே உட்காருகிறது? ரேட் போடும் கேபி26 திரையில், காஸ்ட் சென்டரும் ஆக்டிவிட்டி டைப்பும் (மெஷின் மணி மாதிரி வேலையை அளக்கும் அலகு) சேர்ந்த இடத்தில். 48 பிரேமும் ஒரே சென்டர், ஒரே ஆக்டிவிட்டி என்றால் மெஷின் மணிக்கு ஒரே ரேட்தான் வரும். காம்பாக்ட் பிரேமுக்குத் தேய்மானம் அதிகம், சக்ஷனுக்குத் தனியாகக் கரண்ட் இழுக்கும். அந்தச் செலவில் ஒரு பங்கைப் பழைய பிரேமில் ஓடும் சாதா நூல் சுமக்கும். காம்பாக்ட் நூல் மலிவாகத் தெரியும். மார்க்கெட்டிங் அதை நம்பி விலை சொல்லும், ஆர்டரும் குவியும், லாபம் எங்கே போனது என்று வருடக் கடைசியில் தேடுவார்கள். எம்.டி. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எப்ஐசிஓ_கோவை:
நீங்க சொல்றது ரெண்டு வகை மெஷினுக்கான வாதம், 48-க்கு இல்லைங்க. அதையும் ஒரே சென்டருக்குள்ளேயே ரெண்டு ஆக்டிவிட்டி டைப் வெச்சு முடிக்கலாம். ஈக்விவலன்ஸ் நம்பர் (பிரிக்கிற விகிதம்) கொடுத்து, செலவைப் பிரிக்கிற கேஎஸ்எஸ்2 ஓட்டினா செலவு பிரிஞ்சுடும்.

நூல்கணக்கு:
அந்த ஈக்விவலன்ஸ் நம்பரை யார் கொடுப்பது? யாரோ ஒருவர் உட்கார்ந்து 1.4 என்று போடுவார், பிறகு பல வருடம் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தேய்மானம் அசெட் மாஸ்டரில் (ஒவ்வொரு மெஷினின் சொத்துப் பதிவு) இருக்கும் காஸ்ட் சென்டருக்கு நேராகவே போகிறது. நேராக விழக்கூடிய செலவை ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, அப்புறம் விகிதம் போட்டுப் பிரிப்பானேன்?

சிஎம்ஏ_திருப்பூர்:
காஸ்ட் ஆடிட் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2014 காஸ்ட் ரெக்கார்ட்ஸ் விதிகளில் டெக்ஸ்டைல் இருக்கிறது. மொத்த டர்ன்ஓவர் 35 கோடி வந்துவிட்டால் ரெக்கார்ட் வைக்க வேண்டும். மொத்தம் 100 கோடியும் அந்தப் பொருளில் 35 கோடியும் வந்துவிட்டால் ஆடிட்டும் உண்டு. ஆடிட் அறிக்கைப் படிவமான சிஆர்ஏ-3 கேட்பது பொருள்வாரி செலவு. மெஷின்வாரி கேட்பதில்லை.

அதைவிட முக்கியம், இரண்டு பேருமே கரண்ட்டைத் தொடவில்லை. மில்லில் பெரிதாகக் கடிக்கிற செலவுகளில் ஒன்று அது, அதிலும் ரிங் பிரேம்தான் அதிகம் இழுக்கும். கரண்ட் மாதிரியான யுடிலிட்டிக்கான செலவைத் தனியாகக் காட்டச் சொல்கிறது ரெக்கார்டுக்கான படிவம் சிஆர்ஏ-1. மின்வாரியம், ஜெனரேட்டர், சொந்தக் காற்றாலை மூன்றையும் சேர்த்துப் பவர் என்று ஒரு காஸ்ட் சென்டர் போடுங்கள். காற்றில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டுக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று. 48-ஆ 1-ஆ என்ற சண்டைக்கு முன்னால் இந்த மூன்றும் வேண்டும்.

பஞ்சாலை_அக்கவுண்ட்ஸ்:
பவர் செலவை மற்ற டிபார்ட்மென்ட்டுக்கு அசெஸ்மென்ட்டில் (மொத்தமாகச் சேர்த்து விகிதப்படி பங்கிடுவது) தள்ளலாம் என்கிறார்கள் டீமில். சரியா மேடம்?

சிஎம்ஏ_திருப்பூர்:
எனக்குச் சம்மதமில்லை. அசெஸ்மென்ட்டுக்கான கேஎஸ்யு5 ஓட்டினால் மின்வாரிய பில், டீசல், காற்றாலைப் பராமரிப்பு எல்லாம் ஒரே செகண்டரி காஸ்ட் எலிமென்ட்டாக (உள்ளுக்குள் செலவைப் பங்கிட மட்டும் வைக்கும் தலைப்பு) சுருங்கி ஸ்பின்னிங்குக்குப் போகும். கேஎஸ்வி5 டிஸ்ட்ரிபியூஷன் என்றால் மூலக் கணக்கு அப்படியே நிற்கும், ஆனால் பிரைமரி செலவுக்கு (பில், டீசல் மாதிரி நேராக வந்த செலவு) மட்டும்தான். மீட்டர் இருக்கிறதல்லவா? யூனிட்டையே ஆக்டிவிட்டி டைப் ஆக்கி, மாதாமாதம் ரீடிங்கை ஆக்டிவிட்டி அளவைப் பதியும் கேபி21என் திரையில் போடுங்கள். யூனிட் ஏறியதற்கு ஸ்பின்னிங் மாஸ்டர் பதில் சொல்வார், யூனிட் விலை ஏறியதற்கு எலக்ட்ரிகல் ஆள் பதில் சொல்வார். கலந்து தள்ளினால் இருவருமே தப்பித்துவிடுவார்கள்.

எப்ஐசிஓ_கோவை:
மேடம் சொல்றதை அப்படியே ஏத்துக்கிறேன். நூல்கணக்கு சார் சொன்ன தேய்மானமும் சரி. காம்பாக்ட் ஒண்ணு, பழசு ஒண்ணுன்னு ஸ்பின்னிங்குக்கு ரெண்டு சென்டர் போட்டுக்கலாம். 48-க்கு மட்டும் நான் வர மாட்டேன்.

உருவாக்கறப்ப கவனிங்க: வேலிட் பிரம் தேதியை இன்னைக்குன்னு போட்டா போன மாசத்து என்ட்ரி ஏறாது. நிதியாண்டின் ஏப்ரல் 1 போடுங்க. ஸ்டாண்டர்ட் ஹையரார்க்கியில் (எல்லா காஸ்ட் சென்டரையும் அடுக்கி வைக்கிற மரம்) யுடிலிட்டிக்குத் தனி நோட் (கிளை) இருக்கட்டும். சேவ் பண்ணின நம்பரை மாத்த முடியாது, அதனால இடைவெளி விட்டு நம்பர் கொடுங்க. புராஃபிட் சென்டரை (லாபம் பார்க்கிற பிரிவு) முதல் போஸ்டிங்குக்கு முன்னாடியே சரி பார்த்துடுங்க, பின்னாடி மாத்தறது பெரும்பாடு. தப்பா உருவான சென்டரில் போஸ்டிங் விழுந்துட்டா அழிக்க வழியில்லை, லாக் டிக் போட்டு நிறுத்தறதுதான்.

நூல்கணக்கு:
இரண்டு சென்டர் என்பதில் எனக்கு இன்னும் பாதி மனதுதான். பழைய 30 பிரேமும் ஒரே வயது கிடையாது. எந்த பிரேமை எப்போது விற்பது என்று எம்.டி. முடிவெடுக்க வேண்டும், அதற்கு ஆர்டர் ரிப்போர்ட்டையும் யூனிட் ரிப்போர்ட்டையும் யாரோ எக்செல்லில் ஒட்டித்தான் தர வேண்டியிருக்கும். சரி, வேறு ஒன்று கேட்கிறேன். உங்கள் அசெட் ரெஜிஸ்டரில் 48 பிரேமும் 48 வரியாக இருக்கிறதா?

பஞ்சாலை_அக்கவுண்ட்ஸ்:
புது 18-ம் தனித்தனி. பழைய 30-ம் "பிளான்ட் அண்ட் மெஷினரி" என்று ஒரே தொகையில், ஆட்டோகோனரும் அதற்குள்ளேயே.

நூல்கணக்கு:
அப்படியென்றால் காஸ்ட் சென்டர் வேலையை நிறுத்தி வையுங்கள். அந்த ஒரே வரி அப்படியே ஏறினால் ஆட்டோகோனர் தேய்மானம் ஸ்பின்னிங்கில் விழும். இரண்டு சென்டர் வைத்தாலும் 48 வைத்தாலும் ரேட் தப்பாகத்தான் வரும். பழைய இன்வாய்ஸ், லோன் பைல் எல்லாம் எடுத்து மெஷின் மெஷினாகப் பிரித்து, ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம் ஏற்றுங்கள்.

எப்ஐசிஓ_கோவை:
இதில் எனக்கும் மறுபேச்சு இல்லைங்க. கட்-ஓவருக்கு (பழைய கணக்கைப் புது சிஸ்டத்துக்கு மாத்தற நாள்) முன்னாடியே முடிச்சுடுங்க. ஏத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா அசெட் டிரான்ஸ்பர் போட வேண்டியிருக்கும்.