தஞ்சாவூர், கும்பகோணத்தில் வாங்கி மெல்பன் கொண்டுபோக: எது சரிப்படும், எப்படிக் கட்டுவது?

பயணப்பை கேட்டது:

பொங்கல் முடிந்ததும் மூன்று நாள் கும்பகோணத்தில் தங்கி, தஞ்சாவூர் பார்த்துவிட்டு, சென்னை வழியாக மெல்பன் திரும்புகிறோம். இரண்டு பேர். ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, 7 கிலோ கைப்பை ஒன்று. வாங்க நினைப்பவை: சுவாமிமலையில் ஒரு நடராஜர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி, தஞ்சாவூர் தட்டு, தலையாட்டி பொம்மை, கொலுவுக்குச் சில பொம்மைகள்.

கேட்க வேண்டியது மூன்று. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னை விமான நிலையத்தில் சிலையைத் தடுப்பார்களா? மெல்பனில் இறங்கியதும் எதைப் பிடித்துவைப்பார்கள்? ஏற்கெனவே கொண்டுபோனவர்கள், கடை வைத்திருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

வண்டல்மண் பதில்:

சிலையை மட்டும் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் முன்கூட்டியே திட்டமிட வேண்டியது அது ஒன்றுதான்.

சுவாமிமலை வார்ப்பு என்பது மெழுகு வார்ப்பு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். சூடேற்றியதும் மெழுகு வடிந்துவிடும், அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு கூட்டுக்கு ஒரு சிலைதான். கடையில் ஒரே அளவில் பத்து நடராஜர் அச்சடித்ததுபோல் ஒரே முகத்தோடு நின்றால் அது இந்த வேலை இல்லை. சிலையின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே தோள் வழியாக, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடினால் இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்தது.

அடுத்து கெட்டி வார்ப்பா, உள்கூடா (உள்ளே வெற்றிடமா) என்று பார்க்க வேண்டும். பீடத்தைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளே வெற்றிடம் தெரிகிறதா என்று பாருங்கள். விரல் மோதிரத்தால் முதுகில் தட்டினால் உள்கூடானது கிண்ணென்று நீண்டு ஒலிக்கும், கெட்டியானது சட்டென்று அடங்கும். கடைசியில் முகம். உளி வேலைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். கண்ணிமைக் கோடு, விரல்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, இடுப்புப் பட்டிகையின் பூ வேலை, இந்த மூன்றும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் மேலே பாலிஷ் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

'பஞ்சலோகம், தங்கம் கலந்தது' என்று விலையை ஏற்றினால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் சிலைகளில் இருப்பது பெரும்பாலும் செம்பு, பித்தளை, கொஞ்சம் ஈயம். பொன்னும் வெள்ளியும் சேர்ப்பது, பூசைக்கென்று சொல்லிச் செய்யும்போது, வாங்குபவர் கண்ணெதிரே போடும் துளி அளவுதான்.

இப்போது விமான நிலையம். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு பழமையான சிலையைத் தனி ஆள் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம். உங்கள் சிலை புதியதுதான், ஆனால் அது புதியது என்பதைச் சோதனையில் நிற்கும் அதிகாரிக்குக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. எக்ஸ்ரேயில் கெட்டி உலோகம் கரிய பிண்டமாகத் தெரியும், பெட்டியைத் திறப்பார்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது இந்தியத் தொல்லியல் துறை தரும் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ். சிலையையும் படங்களையும் காட்டி வாங்க வேண்டும். அதே நாளில் கிடைக்கும் என்று நம்பி, விமானம் ஏறும் நாளன்று அலையாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழகிய கடைகளும் பட்டறைகளும் அவர்களே வாங்கிக் கொடுப்பது வழக்கம். விலை பேசும் முன்பே 'சான்றிதழ் சேர்த்துத்தானா, எத்தனை நாள் ஆகும்' என்று கேளுங்கள். முதல் நாளே சுவாமிமலை போய்விட்டு, தஞ்சாவூரைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

பில்லில் 'சிலை 1' என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். தெய்வத்தின் பெயர், உயரம், எடை, உலோகம், புதிதாகச் செய்தது, செய்த ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். கைவினைக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கினால் அரசு நிறுவனத்தின் ரசீது என்பதால் விளக்கம் சொல்வது சுலபம். அதற்காகச் சான்றிதழ் வேண்டாம் என்று ஆகிவிடாது.

முக்கியமான ஒன்று: 'ஆன்டிக் ஃபினிஷ்' வாங்காதீர்கள். ரசாயனம் பூசிக் கறுக்க வைத்து, பள்ளங்களில் பச்சை பூத்ததுபோல் செய்வார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பழையது என்ற சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். ஆஸ்திரேலியா போகும் உங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலில் திருடுபோன சோழர் கால நடராஜரைத்தான் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது. நடராஜர் என்றதும் கெடுபிடி ஏன் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அளவு: ஒரு அடி நடராஜர் பெரும்பாலும் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். ஆறு அங்குலம் போதும். இந்த அளவிலேயே நல்ல உளி வேலை கிடைக்கும்.

அன்னப்பட்சி பதில்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் விளக்குக்கும் தட்டுக்கும் வருகிறேன்.

குத்துவிளக்கு கிலோ கணக்கில் விலை, எனவே முதலில் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உட்புறம் திறந்து, வார்ப்பின் சொரசொரப்பு தெரிய வேண்டும். அடைத்து மூடியிருந்தால் உள்ளே எடைக்காக ஏதாவது நிரப்பியிருக்கலாம், அதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு தண்ணீர் சோதனை. சமதளத்தில் விளக்கை வைத்து அகலில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து முகத்துக்கும் ஒரே நேரத்தில் நீர் எட்ட வேண்டும். ஒரு முகம் மட்டும் முதலில் வழிந்தால் தண்டு சாய்ந்திருக்கிறது, அல்லது மரை கோணலாக வெட்டியிருக்கிறது. வீட்டில் அந்த முகத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். ஜோடி என்று கொடுப்பதில் விளக்கின் உச்சியிலுள்ள அன்னத்தின் கழுத்து வளைவு ஒன்றுபோல் இருக்காது, அது கைவேலை. ஆனால் அகலின் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்டும்போது முழுசாகக் கட்டக்கூடாது. அடி, தண்டு, அகல், அன்னம் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய துண்டில் சுருட்டுங்கள். முழுசாக வைத்தால் பெட்டி விழும்போது அடி வாங்குவது மரைக் கழுத்து, அது வளைந்தால் நேராக்குவது கஷ்டம். மரை முனைகளில் ஒரு சுற்று காகிதம் சுற்றி டேப் ஒட்டுங்கள். இரண்டு விளக்கின் பாகங்களையும் கலக்காமல், 'அ' விளக்கு, 'ஆ' விளக்கு என்று சீட்டு போடுங்கள். ஒன்றின் மரை மற்றொன்றில் ஒழுங்காக ஏறாது, பித்தளை மென்மையானது, வலிந்து திருகினால் மரை போய்விடும்.

தஞ்சாவூர் தட்டு: நல்ல தட்டில் அடித்தட்டு பித்தளை அல்லது செம்பு, மேலே புடைத்து நிற்கும் உருவங்கள் வெள்ளித் தகடு. உருவங்களைப் பின்னாலிருந்து தட்டிப் புடைத்து, குழிவில் அரக்குபோன்ற கலவை நிரப்பித்தான் தட்டில் பொருத்துவார்கள். மலிவானதில் இயந்திரத்தில் அச்சடித்த வெள்ளை உலோகத் தகடு இருக்கும். உருவத்தின் ஓரத்தைக் கவனித்தால் போதும். கைவேலையில் விளிம்பைச் சுற்றிச் சிற்றுளி பதிந்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். வெள்ளி எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரத் தயங்கும் கடையில் வெள்ளித் தட்டின் விலை கொடுக்காதீர்கள்.

தட்டைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், ரப்பர் பேண்டும் போட வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், பேண்டு பட்ட இடத்தில் கோடு விழும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றுங்கள். கார் டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போகாதீர்கள், உள்ளிருக்கும் கலவை இளகி உருவம் தளர்ந்துவிடும். வீட்டில் புளி, பித்தளை துலக்கும் தூள் எதுவும் வெள்ளிமேல் படக்கூடாது.

கொலுப்படி பதில்:

பொம்மைக்கும் மெல்பன் இறங்குவதற்கும் நான் சொல்றேங்க.

தலையாட்டி பொம்மையில ரெண்டு வகை. ராஜா ராணி மாதிரி உருண்டை அடியோட இருக்கறது ஒண்ணு. அடியில கனம், மேல காகிதக்கூழ், அதனாலதான் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கும். தரையில முழுசா சாய்ச்சு விட்டுப் பாருங்க. ஆடி அடங்கினதும் நேரா நிக்கணும், ஒரு பக்கம் சாஞ்சே நின்னா அடிக்கனம் நடுவுல உக்காரல. இது பேக் பண்ண சுலபம், சாக்ஸுக்குள்ள விட்டு, கனமான அடி கீழ வர்ற மாதிரி வெச்சா போதும்.

இன்னொண்ணு நடன மாது. கால், பாவாடை, உடம்பு, தலைன்னு தனித்தனியா கம்பியில மாட்டினது. இதை மாட்டினபடியே எடுத்துட்டுப் போனா வழி முழுக்கத் தலை ஆடி, கழுத்து ஓட்டை தேஞ்சு, கடைசியில உடைஞ்சுடும். கடையிலேயே கழட்டித் தரச் சொல்லுங்க, திரும்ப மாட்டறதை ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லி செல்போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. பாவாடைக்குள்ள வெத்து இடம் இருக்கே, அதுக்குள்ள காகிதத்தைக் கசக்கி அடைங்க. அது காலியா இருந்தா மேல அழுத்தம் வந்ததும் விளிம்பு நொறுங்கும். இது கைப்பையில வரட்டும்.

காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸான்னு தெரியணும்னா அடிப்பக்கம் பெயிண்ட் படாத இடத்தைப் பாருங்க. வெள்ளை வெளேர்னு மாவா கையில ஒட்டினா பிளாஸ்டர். சாம்பல் நிறத்துல நார் நாரா இருந்தா கூழ். ஃபிளைட்டுக்குக் கூழ்தான், கனம் குறைவு, சிதறாது.

இப்ப முக்கியமானது. கொலு பொம்மைக் கடையில பெட்டிக்குள்ள வைக்கோல் போட்டுத்தான் கட்டுவாங்க. ஆஸ்திரேலியாவுக்கு அது கூடவே கூடாது. வைக்கோல், பதர், காய்ஞ்ச இலை, மண், விதை எல்லாமே அவங்க பார்வையில பூச்சியும் நோயும் வர்ற வழி. பொம்மையில ஒரு தப்பும் இருக்காது, கட்டின வைக்கோலுக்காக நிக்க வேண்டி வரும். கட்டறதுக்கு முன்னாடியே சொல்லி, பபுள் ஷீட்டோ காகிதமோ போடச் சொல்லுங்க. பொம்மை அடி ஓட்டைக்குள்ளயும் வைக்கோல் துணுக்கு சிக்கியிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. குத்துவிளக்கு அடிக்குள்ள வார்ப்பு மண் ஒட்டியிருந்தா பழைய டூத் பிரஷ் வெச்சுச் சுத்தம் பண்ணிடுங்க.

மரம், கோரைப்பாய், பனையோலை, நெட்டி வேலைப்பாடு, இதெல்லாம் கொண்டுபோகத் தடை இல்ல, ஆனா பயணி அட்டையில 'ஆம்'னு குறிக்கணும். மரத்துல பட்டை இருக்கக்கூடாது, பொடி கொட்டற சின்ன ஓட்டை இருந்தா வாங்கவே வாங்காதீங்க, உள்ள வண்டு இருக்கு. அறிவிச்சா பார்த்துட்டு விட்டுடுவாங்க, மிஞ்சிப்போனா உங்க செலவுல மருந்தடிக்கச் சொல்லுவாங்க. அறிவிக்காம மாட்டினா அங்கேயே அபராதம். இந்தச் சாமான் எல்லாத்தையும் ஒரே பெட்டியில மேலாக வெச்சா, திறந்து காட்டி மூடறது அஞ்சு நிமிஷ வேலை.

மயிலிறகு விசிறி கண்ணுல படும், விட்டுடுங்க. மயிலிறகை ஏற்றுமதி பண்ணக் கூடாது. ராமேஸ்வரம் பக்கம் போனா பவளப்பாறைத் துண்டும் வேண்டாம், அது வனவிலங்குச் சட்டத்துல வருது.

பயணப்பை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். சிலையைக் கைப்பையில் வைப்பதா, பெட்டியில் போடுவதா? மாமியார் ஒரு தஞ்சாவூர் ஓவியமும் கேட்கிறார், கண்ணாடியோடு எப்படிக் கொண்டுபோவது?

வண்டல்மண் பதில்:

சிலை பெட்டிக்குள்தான். கனமான உலோகப் பொருளைப் பாதுகாப்புச் சோதனையில் கைப்பையிலிருந்து இறக்கச் சொன்னால் அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்காது. நடராஜரில் பலவீனமான இடங்கள் தூக்கிய திருவடி, வீசிய கை, விரித்த சடை, திருவாசியின் (சிலையைச் சுற்றி நிற்கும் வளையம்) தீச்சுடர்கள். திருவாசி கழலும்படி செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். கழற்றித் தனியே தட்டையாக வையுங்கள். கைகால் இடுக்குகளில் துணியைத் திணித்து, பிறகு மொத்தமாகச் சுற்றி, பெட்டியின் நடுவில், சக்கரப் பக்கமாக வைக்கவும். சான்றிதழும் பில்லும் கைப்பையில், நகல் பெட்டிக்குள்.

அன்னப்பட்சி பதில்:

ஓவியத்தைச் சட்டமில்லாமல் வாங்கி மெல்பனில் சட்டம் போடுவதுதான் என் யோசனை. எடை பாதியாகும், மரச்சட்டத்தை அறிவிக்கும் வேலையும் குறையும், பலகையை மட்டும் அறிவித்தால் போதும். சட்டத்தோடுதான் வேண்டும் என்றால் கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். ஓவியத்தின்மேல் பபுள் ஷீட் நேரடியாகப் படக்கூடாது. சூட்டில் அதன் வட்டம் வட்டமான தடம் பெயிண்டில் பதிந்துவிடும், புடைப்பு வேலையும் பெயர்ந்து வரும். முதலில் பட்டர் பேப்பர், அதற்குமேல் அட்டை, அதற்குமேல் பபுள் ஷீட்.

ஓவியத்தில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) 22 காரட்டா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். போலி ரேக்கு சில வருடங்களில் ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பிக்கும். வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், போலிதான் கண்ணைக் கூசும்படி மின்னும், அசல் சற்று அடங்கிய மஞ்சளாக இருக்கும். இன்னொன்று, பெரியவர் ஒருவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள். சிலை, தட்டு, ஓவியம் மூன்றும் சேர்ந்தால் தாண்டக்கூடும். பில்களை இரண்டு பேர் பெயரிலும் பிரித்துப் போட்டு வாங்கி, அவரவர் பொருள் அவரவர் பெட்டியில் இருக்கட்டும்.