புதுப்பிப்பு: கூகுள் கலண்டர் தண்டர்பேர்டில் சரிவந்துவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேன்: கூகுள் கலண்டரைத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இணைத்தேன், வகுப்பு நேரங்கள் தெரிகின்றன, ஆனால் மாற்ற முடியவில்லை என்று. காரணம் பிடிபட்டது. நான் கொடுத்திருந்தது ஐசிஎஸ் முகவரி, அதாவது கலண்டரை ஒரு கோப்பாக எடுத்துக் காட்டும் இணைப்பு. அது பார்க்க மட்டும்தான். அதை நீக்கிவிட்டு, புதிய கலண்டர், வலையமைப்பில் என்று போய், பயனர் பெயருக்கு ஜிமெயில் முகவரியைக் கொடுத்தேன். கல்டாவ் (இரு பக்கமும் மாற்றங்களை ஒத்திசைக்கும் முறை) வழியாக என் கலண்டர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்று, கூகுளில் உள்நுழையத் தண்டர்பேர்டில் குக்கீகளை அனுமதித்திருக்க வேண்டும். இதை முதலில் பாருங்கள்.

நேற்றுப் பின்னேரம், நல்லூர்த் தேரன்று விழுந்திருந்த வகுப்பைக் கணினியில் அடுத்த கிழமைக்கு இழுத்து விட்டேன். ஒத்திசைவை அழுத்தியதும் கைபேசியிலும் அந்தப் பச்சைக் கட்டம் இடம் மாறியது. அவ்வளவு நிம்மதி! வழி சொன்ன அண்ணைமாருக்கும் தங்கச்சிக்கும் நன்றி.