கையுறை போட்டதால் வந்த வினை

இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் மெஷினில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். அன்றைக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஷாஃப்ட்டை (இரும்புத் தண்டு) வழவழப்பாக்க எமரி தாள் (உப்புத்தாள்) பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 600 சுற்று, பெரிய வேகமே இல்லை. காலையில் உள்ளங்கையில் பிசிர் குத்தியிருந்ததால் துணிக் கையுறை போட்டிருந்தேன். அதிலிருந்து தொங்கிய ஒரு நூல், தண்டைக் கவ்விச் சுற்றும் சக்கில் மாட்டியது. நூல்தானே என்று பார்த்தேன். 600 சுற்று என்றால் நொடிக்கு 10. கையை இழுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் கையுறை முறுக்கிக்கொண்டு விரலையும் சேர்த்து இழுத்துவிட்டது. கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது, ஆள் பிழைத்தேன். சுண்டுவிரல் போய்விட்டது. வெறுங்கையாக இருந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். (எமரியைக் கையால் பிடித்ததும் தப்புதான், அது தனிக் கதை.)

துண்டான விரலைக் கூட இருந்தவர் நேராக ஐஸுக்குள் போட்டு எடுத்து வந்தார். நல்ல மனசுதான். ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடுமாம். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

*

நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எனக்கு அடிபட்டது நின்றுகொண்டிருந்த மெஷினில். கன்வேயர் பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே சாக்குத்துண்டு சிக்கியிருந்தது. எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் கையை விட்டேன். பட்டன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன். ஷிஃப்ட் மாறி வந்தவர், லைன் ஏன் சும்மா நிற்கிறது என்று பட்டனை விடுவித்து ஸ்டார்ட் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கை முழங்கை வரை உள்ளே போனது. பெல்ட்டை அறுத்துத்தான் என்னை எடுத்தார்கள்.

இப்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்து என் பூட்டைப் போட்டு, சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். அப்புறமும் ஸ்டார்ட்டை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். தப்பாகப் பக்கத்து லைனின் சுவிட்சை அணைத்திருந்தால்?

*

நான் ஓட்டியது பவர் பிரஸ், தகட்டை அடித்து வெட்டும் மெஷின். அதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழும்; கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பீஸ் கணக்கு ஏற வேண்டும் என்று ஒரு பட்டனில் குச்சியைச் செருகி வைப்போம். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். ஒருநாள் டீக்கு எழுந்து போனேன், குச்சியை எடுக்கவில்லை. விரல் போனது, என் இடத்தில் வந்து உட்கார்ந்த பையனுக்கு.