1,300 ரூபாய் இயர்பட்ஸ் போதுமா, 4,000 குடுக்கணுமா? தினமும் கடலூர்–புதுச்சேரி பஸ்

மஞ்சக்குப்பம்
வணக்கம். காலையில கடலூர்ல ஏறி புதுச்சேரி, சாயங்காலம் திரும்ப. போக வர ரெண்டு மணி நேரம். பஸ்ல பாட்டு, நடுவுல ஆபீஸ் கால், ராத்திரி கொஞ்சம் கேம். ஆண்ட்ராய்டு போன். இப்ப இருக்கிற பட்ஸ் எட்டு மாசப் பழசு, இடது பக்கம் சார்ஜ் ஏற மாட்டேங்குது. 1,300க்கு ஒண்ணு, 4,000க்கு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டுலயும் நாய்ஸ் கேன்சலேஷன், ரெண்டும் புளூடூத் 5.3. அப்புறம் எதுக்கு 2,700 ரூபாய் கூட?

வில்லியனூர் சர்க்யூட்
1,300 ரூபாய் பெட்டியை இன்னொரு தரம் படிச்சுப் பாருங்க. ஈஎன்சின்னு போட்டிருக்கா, ஏஎன்சின்னா? ஈஎன்சி உங்க மைக்குக்கு. நீங்க பேசுறப்ப சுத்துப்பட்ட சத்தம் எதிர்ல இருக்கிறவருக்குப் போகாம வடிகட்டும். உங்க காதுல விழற பஸ் இரைச்சல் அதனால துளிகூட குறையாது. குறைக்கிறது ஏஎன்சி. வெளி மைக் இரைச்சலைப் பிடிச்சு, அதுக்கு நேர் எதிர் அலையை ஸ்பீக்கர்ல விடும்.

ஏஎன்சியும் எல்லாத்தையும் அடக்காது. இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் மாதிரி அடிக்குரலா ஒரே சீரா வர்ற சத்தம்தான் நல்லா அடங்கும். ஹாரன், கண்டக்டர் விசில், பின் சீட்டுப் பேச்சு ஓரளவு கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஜன்னல் சீட்ல காத்து மைக்ல மோதி புஸ்புஸ்ஸுன்னு வரும். அப்ப ஏஎன்சியை அணைச்சிடுங்க, இல்ல காத்துக்குன்னு தனி மோட் இருந்தா அதைப் போடுங்க.

புளூடூத் 5.3, 13 மி.மீ. டிரைவர் (உள்ளே இருக்கிற ஸ்பீக்கரோட அளவு), இந்த எண்களை வெச்சு ஒலித் தரத்தை முடிவு பண்ணவே முடியாது. எல்டாக் (கூடுதல் தரத்துல பாட்டு அனுப்புற புளூடூத் முறை) இருக்குன்னும் காசைக் கூட்டாதீங்க. அது உச்ச வேகமான 990 கேபிபிஎஸ்ல ஓடுறப்ப கூட்டமான பஸ் ஸ்டாண்டுல பாட்டு விட்டு விட்டு வரும்.

தேவனாம்பட்டினம் உப்புக்காத்து
தம்பி, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அந்த இடது பட்ஸைப் பாருங்க. அதைக் கேஸுக்குள்ள வெச்சு மூடின பிறகும் போன்ல கனெக்டட்னு காட்டுதா? காட்டினா, பேட்டரியைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கான்டாக்டை, அதாவது சார்ஜ் ஏத்துற உலோகப் புள்ளிகளைப் பாருங்க. பட்ஸ் கேஸுக்குள்ள இருக்கிறதே அதுக்குத் தெரியல. அணையாம ஓடிக்கிட்டே தீர்ந்துபோகும்.

நம்ம ஊர்ல வேர்வையும் கடல்காத்து உப்பும் சேர்ந்து அந்தச் சின்னப் புள்ளிகள்ல பச்சை பூத்துடும். மொபைல் சர்வீஸ் கடையில போர்டு துடைக்க ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) வெச்சிருப்பாங்க. காதுகுடையும் பஞ்சை அதுல லேசா நனைச்சு, பட்ஸோட உலோகப் புள்ளியையும் கேஸ் அடியில இருக்கிற ஸ்பிரிங் பின்னையும் துடைங்க. சொட்டக் கூடாது. பின்னை மரக்குச்சியால மெல்ல அழுத்தினா திரும்பி எழும்பணும். அமுங்கியே நின்னா இன்னும் நாலஞ்சு தடவை அழுத்தி விடுங்க. பத்து நிமிஷம் காய்ஞ்சதும் கேஸை மூடிப் பாருங்க. ஊசி, பிளேடு வேண்டாம், முலாம் சுரண்டிடும். ஸ்பீக்கர் வலையில ஐபிஏ படக் கூடாது. வலையைத் தரையைப் பார்க்கப் பிடிச்சு, காய்ஞ்ச பிரஷால தட்டி விட்டா போதும்.

மஞ்சக்குப்பம்
அண்ணா, கேஸுக்குள்ள வெச்சும் கனெக்டட்னுதான் காட்டுச்சு! ரெண்டு தடவை துடைச்சதும் இடதுல விளக்கு எரியுது. ஒரு மணி நேரத்துல 100 காட்டுது. ஆனா கால்ல பேசும்போது தகர டப்பாவுல பேசுற மாதிரி இருக்கே, அதுவும் அழுக்கா?

வில்லியனூர் சர்க்யூட்
அழுக்கில்ல. மைக் திறந்ததும் புளூடூத் பாட்டு முறையை விட்டு பேச்சு முறைக்கு மாறும். அதுல ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் அளவுக்குச் சுருங்கிடும். விலை கூடின பட்ஸ்லயும் பெரும்பாலும் இப்படித்தான். எதிர்ல பேசுறவங்களுக்கு உங்க குரல் எப்படிக் கேட்குதுன்றதுலதான் விலை வித்தியாசம் தெரியும். கடையில ஃபேனுக்கு நேர நின்னு, கூட வந்தவரைக் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் பேசி, குரல் வெட்டுப்படுதான்னு கேளுங்க.

கேம்ல சத்தம் பின்தங்கும். வீடியோன்னா பிளேயர் படத்தைத் தாமதிச்சு ஈடுகட்டும், கேம்ல அதுக்கு வழியில்ல. கேம் மோட் குறைக்குமே தவிர முழுசா போக்காது. ராத்திரி கேமுக்குப் பழைய வயர் இயர்போனே நல்லது.

உங்களுக்குன்னா, பழசு வேலை செய்யிற வரைக்கும் 1,300 ரூபாய்ப் பெட்டியைத் தொடாதீங்க. அதே தரத்துல இன்னொண்ணுதான் கிடைக்கும். ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம்னு ரெண்டு மணி நேரமும் இரைச்சல்லயே போறவருக்கு 4,000 ரூபாய் ஏஎன்சி தகும். பாட்டுச் சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கலாம், காதுக்கு நல்லது. வெறும் வீட்டு உபயோகம்னா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஏஎன்சி போட்டா சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பெட்டியில போட்டிருக்கிற 40 மணி நேரம் கேஸையும் சேர்த்து, பெரும்பாலும் ஏஎன்சி இல்லாம எடுத்த கணக்கு.

எது வாங்கினாலும் கூட வர்ற மூணு அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்க. காதை அடைக்கலன்னா பேஸும் இருக்காது, ஏஎன்சியும் எடுபடாது.

பாகூர் ஏரிக்கரை
வாங்குறப்ப இன்னும் கொஞ்சம். பெட்டியில பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்குப் பக்கத்துல ஆர்-ன்னு தொடங்கற எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா தயாரிப்பாளர் பேர் வரணும். தண்ணி, தூசி தாங்குறதுக்கு ஐபி மதிப்பு போட்டிருப்பாங்க. ஐபிஎக்ஸ்4ன்னா தெறிக்கிற தண்ணி தாங்கும், எக்ஸ் இருக்கிற இடம் தூசிச் சோதனைக்கு மதிப்பு தரலைன்னு அர்த்தம். கடற்கரைப் பக்கம் ஐபி54, 55 பாருங்க. அந்த மதிப்பு பட்ஸுக்குத்தான், பெரும்பாலும் கேஸுக்கு இல்ல. மழையில நனைஞ்ச பட்ஸைத் துடைக்காம கேஸுக்குள்ள போடாதீங்க.

மஞ்சக்குப்பம்
நன்றி அண்ணா. கடைசியா ஒண்ணு. இப்ப இருக்கிற கேஸ் போன் சார்ஜரோட சி-டு-சி கேபிள்ல ஏறவே மாட்டேங்குது, லேப்டாப்ல மட்டும் ஏறுது.

வில்லியனூர் சர்க்யூட்
லேப்டாப்ல பழைய அகல வாய்லதானே சொருகுறீங்க? அப்ப கேஸ் கெட்டுப்போகல. சி போர்ட்ல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு இருக்கணும், மலிவு கேஸ்ல அதை விட்டுடறாங்க. அது இல்லைன்னா சி சார்ஜர் கரண்டே விடாது. ஒரு முனை அகலமா, ஒரு முனை சி-யா இருக்கிற கேபிளைச் சாதாரண 5 வோல்ட் சார்ஜர்ல போடுங்க, ஏறும். புதுசு வாங்குறப்ப உங்க சி-டு-சி கேபிளையே கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சொருகிப் பாருங்க.