ஜன்னலைச் சாத்திய பிறகு

குழு: அம்பை குடும்பம், தில்லி
(குழு விதி: தமிழில், முழு வாக்கியத்தில் எழுதவும். குரல் பதிவு கூடாது. – பெரியப்பா)

பிரபு, இரவு 8.40: அனைவருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியும் மயூர் விஹாரில் எதிர்வீட்டு மொட்டை மாடிகூட மங்கலாகத்தான் தெரிகிறது. அதனால் காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, நேற்றுக் காலை முதல் அறை அறையாக வைத்துப் பார்த்தேன். பால்கனியில் 260, ஜன்னல்களைச் சாத்திய கூடத்தில் 120 என்று காட்டியபோது, உள்ளே இருக்கும்வரை கவலையில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா கடுகும் வற்றலும் தாளித்த ஐந்து நிமிடத்தில் சமையலறையில் 340 ஆயிற்று. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது இறங்கிவிட்டது. ஆனால் நேற்றிரவு அம்மாவின் அறையில் கொசுவத்திச் சுருளை ஏற்றிக் கதவைச் சாத்தி வைத்திருந்தபோது, முக்கால் மணி நேரத்தில் 700-ஐத் தாண்டியதைப் பார்த்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கோமதி அத்தை, இரவு 8.52: பிரபு, 700 என்றால் என்ன கணக்கு என்று எனக்குப் புரியும்படி சொல். எங்கள் வீட்டிலும் டெங்கு பயத்தில் தினமும் சுருள்தான் எரிகிறது.

பிரபு, இரவு 8.58: அத்தை, பி.எம். 2.5 என்பது தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் துகள். ஒரு கன மீட்டர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதைத்தான் கருவி காட்டுகிறது. நம் நாட்டு விதிப்படி 24 மணி நேரச் சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்தது.

பெரியப்பா, இரவு 9.10: பிரபுவுக்குப் புதிய பொம்மை கிடைத்திருக்கிறது, இரண்டு நாளில் அலுத்துவிடும். இந்த ஊரில் சும்மா மூச்சு விடுவதே நாளைக்குப் பத்து சிகரெட்டுக்குச் சமம் என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. அப்படியிருக்க, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நான் பால்கனியில் நின்று பிடிக்கும் இரண்டு சிகரெட் கடலில் கரைத்த பெருங்காயம். இதற்காக வீட்டில் தினமும் வழக்கு நடப்பதைக் குழுவில் பதிவு செய்கிறேன்.

பெரியம்மா, இரவு 9.14: பால்கனியில் நிற்பது உண்மைதான். ஆனால் செய்தி பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு காலைக் கூடத்துக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவை ஒரு முழம் திறந்து வைத்துத்தான் நிற்கிறார்.

பிரபு, இரவு 9.16: அந்த ஒரு முழத்துக்கும் கணக்கு இருக்கிறது. அப்பா நேற்றிரவு சிகரெட் பற்ற வைத்தபோது கூடத்தில் 120 ஆக இருந்தது, அணைத்துவிட்டு உள்ளே வந்தபோது 210.

மீனாட்சி, இரவு 10.05: பணி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா, கோபப்படாமல் முழுவதும் படியுங்கள். நீங்கள் சொல்லும் அந்தச் சிகரெட் கணக்கு 2015இல் அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதியது. காற்றில் 22 மைக்ரோகிராம் நுண்துகளோடு ஒரு நாளைக் கழிப்பதை ஒரு சிகரெட்டோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். மக்கள்தொகை முழுவதிலும் நேரும் மரணங்களை வைத்துச் சொன்ன உவமை அது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஊர்க்காற்று பத்து என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு ஆகிறதே தவிர, உங்கள் இரண்டு எங்கேயும் கரைந்து போவதில்லை.

காலையில் எழுந்ததும் வாஷ்பேசின் அருகில் நின்று ஐந்து நிமிடம் இருமுகிறீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. வயல்காற்றில் நாற்று அசைவதுபோல அவை ஒரே திசையில் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பட்டதும் அவை மந்தமாகிவிடுகின்றன, ஆண்டுக்கணக்கில் பட்டால் உதிர்ந்தும் போகின்றன. தள்ள ஆளில்லாத சளியை வெளியேற்ற உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். அந்த வழியும் போதாதபோது நுண்துகள்கள் கடைசிக் காற்றுப்பைகள்வரை போய் அங்கேயே தங்குகின்றன. ஊரின் மாசு மோசமாக இருக்கும் மாதத்தில் துப்புரவுப் பணியாளரை வேலைநிறுத்தம் செய்ய வைப்பது போன்றது நீங்கள் செய்வது.

இரண்டுதானே என்பதற்கும் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வந்துவிடுகிறது.

கோமதி அத்தை, இரவு 10.20: மீனாட்சி, என் கதையைக் கேள். போன மாதம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனபோது, ஒரு மருத்துவர் நான் புகைப்பதுண்டா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை மாப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். பிறகு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று எழுதி இன்ஹேலர் கொடுத்தார். பீடியைக் கையால்கூடத் தொடாத எனக்கு, அண்ணனுக்கு வர வேண்டிய நோய் எப்படி வந்தது?

பெரியப்பா, இரவு 10.22: வர வேண்டிய நோய் என்று எழுதியதை நான் கவனித்தேன், கோமதி.

மீனாட்சி, இரவு 10.41: அத்தை, அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் எத்தனை ஆண்டுகள் எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்பதுதான் அது. அம்பையில் ஆச்சி வீட்டுச் சமையலறை எனக்கு நினைவிருக்கிறது. மேலே இரண்டே இரண்டு கண்ணாடி ஓடு, பக்கத்தில் ஜன்னல் இல்லை, உத்தரத்திலிருந்து கரிபிடித்த ஒட்டடை கயிறுபோலத் தொங்கும். ஐப்பசி மழையில் நனைந்த விறகைப் பற்ற வைக்க, நீங்கள் அடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து ஊதுகுழலில் ஊதுவீர்கள். ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை அந்தப் புகைக்குள்ளேதானே இழுத்தாக வேண்டும்?

கோமதி அத்தை, இரவு 10.47: பதினான்கு வயதில் ஊதுகுழலைப் பிடித்தேன். தில்லிக்கு வந்து கேஸ் அடுப்பைப் பார்த்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கண் எரிச்சலைத்தான் பெரிதாக நினைத்தோம், நெஞ்சைப் பற்றி யாரும் பேசியதில்லை.

மீனாட்சி, இரவு 10.55: பதினெட்டு ஆண்டுகள். லான்செட் மருத்துவ இதழில் 2009இல் வெளிவந்த ஒரு கட்டுரை, உலகில் சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் 25 முதல் 45 விழுக்காட்டினர் ஒருபோதும் புகைத்ததில்லை என்று மதிப்பிட்டது. விறகு, வரட்டிப் புகையை அதற்கான முக்கியக் காரணமாகச் சொன்னது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நுரையீரல் திறன் சோதனை எடுக்கும் என் மேசைக்கு வரும் பாட்டிமார்கள் குழாயில் ஊதும்போது வரைகோடு பாதியிலேயே தொய்ந்து விழுவதைப் பார்த்தால், அவர்களில் பலரிடம் நான் அடுப்பைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

உங்கள் பழைய புகையை இனி மாற்ற முடியாது. இப்போது அதன்மேல் புதிதாக ஏற்றுவதை நிறுத்தலாம். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதில் நிகோடின் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் துகளின் எடையைச் சுமப்பது நுரையீரல். சுருளை விட்டுவிட்டுக் கொசுவலையைக் கட்டுங்கள்.

பெரியம்மா, இரவு 11.02: வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் நிறுத்தச் சொல்வாயோ?

மீனாட்சி, இரவு 11.08: அப்படிச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்குமா, பெரியம்மா? சாம்பிராணி, ஊதுவத்தி, சுருள் எல்லாமே கொழுந்துவிட்டு எரியாமல் கனிந்து புகைபவை. அரைகுறையாக எரிவதால்தான் அவ்வளவு புகை. மதியம் பன்னிரண்டுக்கு மேல், வெளிக்காற்று ஓரளவு மேலெழும்பிக் கலையும் நேரத்தில், ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரு சிட்டிகை போடுங்கள். அத்தை வந்திருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

பிரபு, இரவு 11.11: அக்கா, ஏர் பியூரிஃபையர் வாங்கினால் இதெல்லாம் தீராதா?

மீனாட்சி, இரவு 11.19: நுண்துகளைப் பிடிக்கும் நல்ல ஹெப்பா வடிகட்டி உள்ளதென்றால் துகள் குறையும், வாங்கு. ஆனால் கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது, சிகரெட் புகையிலுள்ள வாயுக்களில் பெரும்பாலானவற்றையும் பிடிக்காது. ஆகவே அதை ஓட விட்டுக்கொண்டு கூடத்திலேயே புகைக்கலாம் என்று பெரியப்பா முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அடுத்த மாதம் குளிர் ஏறியதும், உங்கள் குடியிருப்புக் காவலாளி தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அங்கீட்டி எனும் கரியடுப்பை வைத்துக்கொள்வார். அவரிடம் இப்போதே பேசு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்வது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லியில் இப்படித் தூக்கத்திலேயே இறப்பவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு மின் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

பெரியப்பா, இரவு 11.30: நான்கு முறை படித்தேன். அறுபது வயதைக் கடந்தவன் இனி விட்டு என்ன பயன் என்று கேட்டால், அதற்கும் ஓர் ஆண்டும் ஓர் எண்ணும் வைத்திருப்பாய்.

மீனாட்சி, இரவு 11.36: வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்பவர் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட முடிவு: முப்பது வயதில் புகைப்பதை விட்டவர்களுக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கூடுதல் ஆயுள் கிடைத்தது, அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன. இழந்த நுரையீரல் திறன் பெரிதாகத் திரும்பாது என்பதை மறைக்கவில்லை. விட்ட பிறகு அது சரியும் வேகம் குறைகிறது. தனியாக விட முடியாவிட்டால் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்திலிருந்து நடக்கும் கட்டணமில்லா உதவி எண் 1800-112-356 இருக்கிறது. அதற்கு முன், அத்தையோடு நீங்களும் வியாழக்கிழமை வந்து குழாயில் ஊதிவிட்டுப் போங்கள்.

பெரியப்பா, இரவு 11.44: வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

மீனாட்சி, இரவு 11.46: தேவையில்லை, வயிறு முட்டச் சாப்பிடாமல் வந்தால் போதும். இறுக்கமான சட்டை வேண்டாம். சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரமாவது புகைத்திருக்கக் கூடாது.

பெரியம்மா, இரவு 11.49: மயூர் விஹாரிலிருந்து அங்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். பிரபு, வியாழக்கிழமை கார் சாவியோடு அப்பாவின் சட்டைப்பையையும் ஒரு முறை பார்த்துவிடு.