செத்தவீட்டில் தொடங்கிய பிணக்கைச் சர்வமதக் குழுவில் பேசலாமா?

குளக்கட்டு:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமம் எங்களுடையது. போன மாதம் ஒரு அம்மா காலமானார். மகள் கிறிஸ்தவ சுவிசேஷ சபைக்குப் போகிறவள், அம்மாவும் கடைசிக் காலத்தில் அவளோடு போய் வந்தவர். மகன் சைவம். ஐயரைக் கூப்பிட்டுக் கிரியை செய்து சுடலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணன், ஜெபம் பண்ணி அடக்க வேண்டும் என்று தங்கை, இப்படியே இரண்டு நாள் பிரேதம் வீட்டில் கிடந்தது. கடைசியில் எரித்தார்கள். தங்கை எட்டுச் செலவுச் சடங்குக்கு வரவில்லை, ஊரும் இரண்டாக நிற்கிறது.

இங்குள்ள சர்வமதக் குழுவில் நானும் ஒருத்தி. குத்துவிளக்கு ஏற்றுவோம், குருக்களும் ஃபாதரும் மௌலவியும் பிக்குவும் எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்பார்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். சபைப் போதகர்களை அழைப்பதே இல்லை. மதமாற்றம் என்ற சொல்லை அங்கே எடுக்கலாமா? எடுத்தால் குழு உடையும் என்று மற்றவர்கள் பயப்படுகிறார்கள்.

மாந்தைச் சந்தி:
எடுக்கத்தான் வேண்டும். 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலின் வீதி வளைவைப் பிடுங்கியபோது மன்னாரில் சைவரும் கத்தோலிக்கரும் முகம் பார்க்காமல் திரிந்தோம். அதற்கு முன் நான் போன கூட்டம் ஒன்றிலும் அந்த வளைவைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் போகிற சைவக் குடும்பம் எங்களுடையது, எங்களுக்கே அப்படி.

ஒரு தாய்:
நான் சபைக்குப் போகிறவள். 2009இல் போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போனபோதே புருஷன் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நல்ல காரியத்துக்கும் என்னை முன்னுக்கு விடவில்லை, கோயிலிலும் ஒதுங்கித்தான் நின்றேன். சபையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தினார்கள். அரிசிக்கும் கூரைத் தகட்டுக்கும் மாறியவள் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் நெஞ்சில் குத்துகிறது. அதே நேரம் எங்கள் போதகர்கள் சிலர் சாமியைப் பேய் என்று பிரசங்கிப்பது பெரிய பிழை. அதைக் கேட்ட நாளிலிருந்து என் அண்ணன் என் வீட்டுப் படி மிதிப்பதில்லை. இந்த இரண்டையும் சொல்ல என்னை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

முல்லைக் கரை:
1990 ஒக்டோபரில் மற்ற முஸ்லிம்களோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவன் நான். கொரோனா காலத்தில் எங்கள் ஜனாஸாக்களையும், அதாவது பிரேதங்களையும், எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது, 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க விட்டது. உடனே இடம் என்று காட்டியது கிளிநொச்சிக் கடலில் உள்ள இரணைதீவை. அங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆறடி மண் தரவும் மனமில்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. முழங்காவில் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் பழக்கம், அவரிடமே நேரே கேட்டேன். 1992இல் இழந்து 2018இல் நாங்களாகவே படகேறிப் போய் மீட்ட தீவு, எங்களைக் கேட்காமல் கொழும்பில் முடிவெடுத்தால் எப்படி என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட வாப்பாவ எரிச்சிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்" என்று அவரே கேட்டார். நான் அழுதுவிட்டேன். கடைசியில் ஜனாஸாக்களைக் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கினார்கள். அவர்கள் எதிர்த்தது சரியா என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை, மீன் அவரிடம்தான் வாங்குகிறேன்.

பனர், படம் எதுவும் வேண்டாம். அந்த அண்ணனையும் தங்கையையும் குழுவுக்கு முன் நிறுத்தவும் வேண்டாம்.

நெடுங்கேணி:
அந்தக் குடும்பத்தின் கதையையே எடுக்காமல் ஒரு கேள்வியை மட்டும் வையுங்கள்: தன்னை எப்படி அனுப்ப வேண்டும் என்று ஆள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்தால் பிள்ளைகள் கட்டுப்பட வேண்டுமா? குருக்கள் ஒன்று சொல்வார், போதகர் வேறொன்று சொல்வார், சொல்லட்டும். ஒத்துவரச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

குளக்கட்டு:
நன்றி. போதகரிடம் போனேன், வருகிறேன் என்றார். குருக்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சனி பின்னேரம் வாசிகசாலையில், பத்துப் பேர்தான், கமரா இல்லை. சபைக்குப் போகும் அக்கா, கிட்டத்து ஊர் என்றால் நீங்களும் வாருங்கள், பஸ் காசு நான் தருகிறேன்.