"அவுட்லாஸ்ட்"டுக்குப் (outlast) பின்னால "தென்" (than) ஏன் வரக்கூடாது?

பட்டர்வொர்த் அம்மா:
மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். (மலேசியாவுல இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு). பினாங்கு ஃபெரி பத்தின கட்டுரையில "தி ஃபெரி அவுட்லாஸ்டட் தென் தி ட்ராம்"னு எழுதியிருக்கா, ட்ராமைவிட ஃபெரி நீடிச்சு நின்னுச்சுன்னு அர்த்தம். டீச்சர் "தென்"னைச் சிவப்பு மையில அடிச்சிட்டாங்க, காரணம் எழுதல. "லாங்கர் தென்" சரின்னா இது ஏன் தப்பு? "லாஸ்ட்"னா கடைசிதானே, அதுல "அவுட்" சேர்ந்தா எப்படி இந்த அர்த்தம்?

சுங்கை நிபோங்:
"தென்"னைத் தூக்கிடுங்கக்கா, முடிஞ்சது லா.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தூக்கினா போதும், ஆனா பிள்ளை காரணம் கேட்குதே. இந்த "அவுட்" வெளியே இல்லம்மா, மிஞ்சுறது. அவுட்ரன் (ஓட்டத்துல மிஞ்சுறது), அவுட்விட் (புத்தியில மிஞ்சுறது), அவுட்நம்பர் (எண்ணிக்கையில மிஞ்சுறது) எல்லாம் இதே ஜாதி. "விட" என்கிறது வினைக்குள்ளயே இருக்கு, அதனால யாரை மிஞ்சினோமோ அவங்க பேர் நேரா பக்கத்துல வரும். "அவுட்லாஸ்ட் லாங்கர்"னு எழுதினாலும் அதே கோளாறுதான்.

"லாஸ்ட்" கதை இன்னும் ருசி. கடைசி என்கிற சொல் "லேட்"டோட உச்ச வடிவம். இந்த வினை வேற குடும்பம்: பழைய ஆங்கிலத்துல ஒருத்தர் அடியொற்றிப் போறது, சொன்னதை நிறைவேத்துறது. வேர்ச்சொல்லுக்குக் காலடித் தடம்னு பொருள். சப்பாத்து தைக்கிறவங்க உள்ளே வைக்கிற கால் வடிவ மரக்கட்டைக்கும் இங்கிலீஷ்ல "லாஸ்ட்"தான், அதே வேர். விடாம பின்தொடர்றதுல இருந்து நீடிக்கிறது வந்துச்சு. "அவுட்" ஒட்டினது 16ஆம் நூற்றாண்டுல. "இந்தச் சப்பாத்து அதைவிட நல்லா உழைச்சது"னு நாம சொல்றோமே, அந்த இடத்துல "அவுட்லாஸ்ட்" போடலாம்.

பட்டர்வொர்த் அம்மா:
நன்றி சார். அப்ப "அவுட்லிவ்"?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அது பெரும்பாலும் உயிருள்ளவங்களுக்கு. பாட்டி தாத்தாவை அவுட்லிவ் பண்ணாங்கன்னா, அவருக்கு அப்புறமும் உயிரோட இருந்தாங்க. பேட்மிண்டன்ல மூணாவது செட்ல எதிராளி களைச்சுப் போய், நம்ம ஆள் தாக்குப்பிடிச்சா அவுட்லாஸ்ட். பயன் முடிஞ்ச பொருளுக்கு மட்டும் "அவுட்லிவ்ட் இட்ஸ் யூஸ்ஃபுல்னஸ்"னு ஒரு வழக்கு உண்டு, அதை அப்படியே மனப்பாடம் பண்ணட்டும்.

சுங்கை நிபோங்:
அக்கா, விஷயமும் சரியா இருக்கணும். ஃபெரி 1894ல தொடங்கினது, ஜார்ஜ்டவுன் ட்ராம் 1936ல நின்னுச்சு, டிராலிபஸ் (மேல மின்கம்பியில இருந்து கரண்ட் எடுத்து ஓடுற பஸ்) 1961 வரைக்கும். ரெண்டையுமே மிஞ்சிடுச்சு. ஆனா இப்ப ஓடுறது 2023ல வந்த புதுக் கப்பல், அதனால "தி ஃபெரி சர்வீஸ்"னு எழுதச் சொல்லுங்க.